மஞ்சளுக்கு நேர் மஞ்சள்

பத்து வருடமாக நான் படம் எடுக்கிறேன். நான் எடுத்த படத்தை ஒருவர்கூட ஆசைப்பட்டு வீட்டில் மாட்டியதில்லை. தென்காசியில் ஒரு சேவை மையத்தில் ஆதார் அட்டைக்குப் படம் எடுக்கிற வேலை எனக்கு. "நேராப் பாருங்க, தோளை எறக்குங்க, சிரிக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் சோறு போடும்போதும் அதே குரல் வந்துவிடுகிறது. வெளியே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட என் முன்னால் உட்கார்ந்ததும், மாமியார் வீட்டு விருந்தில் உட்கார்ந்த புது மாப்பிள்ளை மாதிரி விறைத்துப் போவார்கள். அதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமையும் உண்டு.

அதனால் எங்கள் வீட்டில் யார் கையில் கேமரா இருந்தாலும் அதை நான் வாங்கிக்கொள்வேன். கேட்டு வாங்குவதில்லை, பிடுங்கிக்கொள்வேன். எனக்குக் கல்யாணமாகி மேலகரத்தில் அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். ஆனாலும் என் அதிகாரம் எல்லாம் அம்மா வீட்டில்தான் செல்லும். அங்கே அம்மா, ராணுவத்தில் இருக்கும் என் தம்பியின் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், மூன்று பேர். போன குற்றால சீசனுக்குத் தம்பி இருபத்தைந்து நாள் லீவில் வந்தான்.

அவன் அதற்கு முன்னால் ஊரை விட்டுப் போனபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். திரும்பி வந்தபோது பதினாலு மாதம். நடுவில் அவளுக்கு அப்பா என்றால் செல்போன்தான். சாயங்காலம் மணி அடித்தால் எங்கே இருந்தாலும் தவழ்ந்து வருவாள். திரையில் அவன் முகம் தெரிந்ததும், "ப்பா, ப்பா" என்று கையைத் தட்டுவாள். பிஸ்கட்டைச் செல்லுக்கு ஊட்டுவாள். முத்தம் கொடுத்து எச்சில் பண்ணுவாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் இதை நடத்திக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எங்கே தெரியும், அப்பா என்பது நாலு விரல் அகலமுள்ள, வெளிச்சம் அடிக்கிற ஒரு சாமான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள் என்று.

தம்பி வாசலில் வந்து பையை இறக்கிவிட்டுக் கையை நீட்டினான். ஆறடி உயரம், கிருதாவோடு சேர்ந்த மீசை. பாப்பா ஒரு தடவை பார்த்தாள். வீடே அதிரும்படி ஒரு கத்து. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாங்கள் எல்லோரும் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவன் சட்டைப் பையில் செல்போன் நீட்டிக்கொண்டிருந்தது அவள் கண்ணில் பட்டது. அழுகையை நிறுத்திவிட்டு, அதைப் பார்த்துக் கையை நீட்டி, "ப்பா" என்றாள்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது, வழக்கமாக மூன்றாவது தடவை சோறு கேட்கிறவன், ஒரு தடவையோடு எழுந்து கை கழுவப் போனான். எனக்குப் பாவமாக இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. பாப்பா அவன் இருக்கும் அறைக்குள் வருவாள், அவன் உருட்டிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு போவாள். ஆனால் தூக்கினால் தீர்ந்தது. "இவன என்ன பூச்சாண்டின்னா நெனைக்கா" என்று அம்மா சொல்லிச் சொல்லி மீசையைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தான். பலனில்லை. மீசை குறைந்த பூச்சாண்டி ஆனதுதான் மிச்சம்.

அடுத்த தடவை அவனுக்குப் போகவேண்டிய இடம் மலை மேலே. செல்போனைக் கீழே முகாமிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மாதக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "பாக்கெட்ல வச்சிக்க ஒரு படம் வேணும்க்கா. நானும் பாப்பாவும் இருக்க மாதிரி. அவ அழாம" என்றான்.

இது ஒரு பெரிய காரியமா என்று நான் உடனே செல்லை எடுத்தேன். அங்கேதான் சிக்கல். செல்லைத் தூக்கியதும் பாப்பா அவன் மடியிலிருந்து திமிறிக்கொண்டு, "ப்பா, ப்பா" என்று என்னை நோக்கிப் பாய்ந்தாள். அப்பா மடியில் இருந்துகொண்டு அப்பாவைத் தேடி ஓடுகிற பிள்ளையை எப்படிப் படம் எடுப்பது? பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் என் பக்கம் பாய்கிற ஒரு பிள்ளையும், பின்னால் அதை விட்டுவிட்ட இரண்டு கையும்தான் இருந்தன. தூங்கும்போது தோளில் போட்டு எடுத்துவிடலாம் என்று சொன்னேன். ஸ்டூடியோவில் கொடுத்தால் அரைமணி நேரத்தில் பிரிண்ட் போட்டுத் தருவார்கள்.

"தூங்கையில எடுத்தா அவளுக்குத் தெரியாதுல்லா" என்றான். "அது களவாண்ட மாதிரி. முழிச்சிருக்கணும்."

அன்றைக்குத்தான் அவன் டிரங்குப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கேமராவை எடுத்தான். எடுத்த உடனே படம் வெளியே வருமே, அந்த மாதிரி. வெளிர்நீல நிறத்தில், குழந்தைகள் சோப்பு டப்பா மாதிரி உருண்டையாக இருந்தது. ராணுவக் கேண்டீனில் வாங்கியிருக்கிறான். கூட இரண்டு பிலிம் பெட்டி. ஒரு பெட்டிக்குப் பத்துப் படம். இது செல்போன் இல்லையே, பாப்பா பாய மாட்டாள் என்பது அவன் கணக்கு. ராணுவத்தில் இருக்கிறவன் யோசிக்காமல் ஒன்றும் செய்ய மாட்டான் என்று அம்மா மெச்சிக்கொண்டாள். நான் கேமராவைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஆனால் நான் அதைத் திறந்து பார்ப்பதற்குள் அம்மா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் மஞ்சளும் குங்குமமும் வைக்காமல் வேலைக்கு இறங்காது. மிக்ஸிக்கு உண்டு, பைக்குக்கு உண்டு, சுவரில் மாட்டிய இன்டர்நெட் டப்பாவுக்கும் உண்டு. அது அணைந்து அணைந்து எரிந்தபோது அம்மா மறுபடி ஒரு பொட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. கேமராவைப் பூசை அறைக்குக் கொண்டுபோனவள் வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது கேமரா கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் பொட்டு, கண்ணாடிக்கு மேலே நெற்றிப்பொட்டு மாதிரி ஒன்று. போதாதென்று பின்பக்கக் கதவையும் எப்படியோ திறந்து, உள்ளேயும் வைத்திருந்தாள்.

"உள்ள எதுக்கும்மா?" என்றேன்.

"வேல நடக்கது உள்ளதானட்டி" என்றாள்.

சனிக்கிழமை காலையில் பிலிம் போட உட்கார்ந்தோம். முற்றத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறது என்று அங்கேயே பாயை விரித்தது என் யோசனை. கேமராவோடு வந்த காகிதத்தில் உலகத்து மொழி எல்லாம் இருந்தது, தமிழைத் தவிர. தம்பி இங்கிலீஷை வாசித்து, அணிவகுப்புக் கட்டளை மாதிரி எங்களுக்குச் சொன்னான். "கதவத் தொறக்கணும். பிலிம் பெட்டிய ரெண்டு பக்கமும் பிடிக்கணும். நடுவுல அமுக்கப்படாது. பெட்டியில ஒரு மஞ்சக் கோடு இருக்கும். கேமராவுக்குள்ள ஒரு மஞ்சக் கோடு இருக்கும். மஞ்சளுக்கு நேர் மஞ்சள் வரணும்."

வெள்ளிக் காகிதத்தைக் கிழித்துப் பெட்டியை எடுத்தோம். அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு சுத்தமாகத் தெரிந்தது. கேமராவைத் திறந்தோம். உள்ளே கீழ்மூலையில் விரலால் இழுத்துவிட்டது மாதிரி ஒரு மஞ்சள் கோடு. இது போதாதா எங்களுக்கு?

இப்போது எழுதும்போது நன்றாகத் தெரிகிறது. கேமரா செய்தவர்கள் போட்ட மஞ்சள் கோடு மேல்மூலையில் இருந்தது. அதன் மேலே அம்மா குங்குமம் வைத்துவிட்டாள். எதிர்மூலையில் இருந்தது விரலி மஞ்சளை அம்மியில் உரைத்து எடுத்தது. நான் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள், தம்பி துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிறவன். இரண்டு படித்த முட்டாள்களும் சேர்ந்து தலையைக் குனிந்து, மூக்குக்கு மஞ்சள் வாசம் அடிக்க அடிக்க, அதுதான் கோடு என்று நம்பினோம்.

பெட்டி உள்ளே இறங்கவில்லை. "அமுக்குலே" என்றேன். "அமுக்கப்படாதுன்னு போட்டிருக்குக்கா" என்றான். "நடுவுலதான அமுக்கப்படாது, ஓரத்துல அமுக்கு" என்றேன். ராணுவத்துக் கை. அமுக்கினான். கதவு முக்கால்வாசி மூடியது. மீதியை நான் முழங்கையால் மூடினேன். பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருந்து, நெல் அரவை மிஷினில் கல் விழுந்தது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தோம். பெட்டி சிக்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு தாள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுக்க வாகாக இருக்கிறதே என்று தம்பி அதைப் பிடித்து இழுத்தான். பெட்டி வரவில்லை. கறுப்புத் தாள் மட்டும் முழுசாக உருவிக்கொண்டு அவன் கையோடு வந்துவிட்டது. உள்ளே வெள்ளைத் தாள் பளிச்சென்று வெயிலைப் பார்த்துச் சிரித்தது.

அந்தக் கறுப்புத் தாள்தான் பிலிமின் போர்வை என்பதும், பிலிமைச் சரியாகப் போட்டால் கேமராவே அதை முதலில் வெளியே தள்ளும் என்பதும், வெளிச்சம் பட்டால் பிலிம் செத்துவிடும் என்பதும் காகிதத்தின் அடுத்த பக்கத்தில் இருந்தன. நாங்கள் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தோம்.

அதுவரை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த தம்பி மனைவிதான் குனிந்து, சேலை முந்தியால் உள்ளே துடைத்தாள். குங்குமம் போயிற்று. அதன் அடியில் கேமராக்காரனுடைய மஞ்சள் கோடு அமைதியாக இருந்தது.

"மைனி, கோடு இங்கன இருக்கு" என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. என் மூஞ்சியைப் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பெட்டியைத் திருப்பிப் போட்டோம். பால்காரர் பாத்திரத்தை வைப்பது போல அலுங்காமல் உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் தாள் வந்தது. வெள்ளையாக வந்தது, வெள்ளையாகவே இருந்தது. தம்பி உதறினான், நான் ஊதினேன், அம்மா விசிறிக்கொண்டு வந்து வீசினாள். மூன்று தாள் இப்படியே போன பிறகுதான் அந்த அடுத்த பக்கத்தை வாசித்தோம். முதல் பெட்டி அவ்வளவுதான்.

"நான் நல்லதுக்குத்தானய்யா வச்சேன்" என்றாள் அம்மா. தம்பி அவள் கன்னத்தைக் கிள்ளி, "ஒன் மஞ்சள்ல தப்பில்லம்மா, அக்கா முழங்கையிலதான் தப்பு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொன்னால் எனக்கு எப்போதுமே கோபம் வரும்.

தென்காசியில் மூன்று கடையில் கேட்டேன். "அந்தப் பிலிமெல்லாம் ஆர்டர் போட்டுத்தான் வரணும், பத்து நாள் ஆவும்" என்றார்கள். தம்பிக்கு இருந்தது எட்டு நாள். ஆக, மீதி ஒரு பெட்டி, பத்துத் தாள்.

இரண்டாவது பெட்டியைப் போடும் உரிமையைத் தம்பி மனைவி எடுத்துக்கொண்டாள். யாரும் கொடுக்கவில்லை. வெளிச்சமே இல்லாத சாமான் அறையில், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா வாசலுக்கு வெளியே நின்றாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. தன் கை மேலே தனக்கே நம்பிக்கை இல்லை போலிருக்கிறது. மஞ்சளுக்கு நேர் மஞ்சள், ஒரு டக், கதவு மூடி இன்னொரு டக். பொத்தானை அழுத்தினாள். கேமரா தன் பாட்டுக்குக் கறுப்புத் தாளை வெளியே நீட்டியது. சின்னச் சன்னலில் பத்து என்று எண் விழுந்தது. அரை நிமிட வேலை.

அம்மா அந்தக் கறுப்புத் தாளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல யாரு இருக்கா?" என்றாள். மூடிதான், படம் இல்லை என்று நான் சொன்ன பிறகும், முதலில் வந்ததைத் தூரப் போட மனசில்லாமல் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்துக்குப் போனோம். தண்ணீரைக் கண்டால் பாப்பாவுக்குக் குஷி வரும், குஷியில் அப்பாவை மறந்துவிடுவாள் என்பது என் திட்டம். நல்ல சாரல். ஆட்டோவை விட்டு இறங்கி மெயின் அருவிப் பக்கம் போவதற்குள் தலை நனைந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பளபளவென்று நிற்கிற ஆட்களுக்கு நடுவே, தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு அருவிக்கு முன்னால் நின்றான். அவள் கத்தினாள். அருவிச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை, ஆனால் படத்தில் வாய் திறந்திருந்தது. ஒன்று போயிற்று. அடுத்ததில் என் கட்டைவிரல். அதற்கடுத்ததில் துண்டை உதறிக்கொண்டு குறுக்கே போன ஓர் அண்ணாச்சி நடுநாயகமாக விழுந்தார். "நல்லா விழுந்திருக்காம்மா?" என்று நின்று கேட்டுவிட்டும் போனார்.

நாலாவதில் எல்லாம் கூடி வந்தது. மங்குஸ்தான் வாங்கி, ஒரு சுளையைத் தம்பி நசுக்கி ஊட்டினான். அவள் சப்புக்கொட்டிக்கொண்டு, அவன் முழங்கையில் சாய்ந்து, அழாமல் இருந்தாள். "அசையாத, நேராப் பாரு, சிரிக்காத" என்று நான் சொன்னேன். வாய் தவறி வந்துவிட்டது. தம்பியும் உடனே அட்டென்ஷனில் நின்றான். அவன் விறைத்ததில் பாப்பா நிமிர்ந்து பார்த்தாள். கேமராவிலிருந்து மின்னல் மாதிரி வெளிச்சம் அடித்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? படத்தில் தம்பி கச்சிதமாக இருந்தான், ஆதார் அட்டைக்கு அப்படியே ஒட்டிவிடலாம். பாப்பாதான் அலறிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு எடுட்டி" என்று அம்மா கேட்டாள். இருக்கிற தாளில் உனக்கு வேறயா என்று வாய்வரை வந்தது. தம்பி மனைவி என் கையிலிருந்து கேமராவை வாங்கி எடுத்தாள். அம்மா அதை வாங்கி, முகம் தெரிந்து வருவதைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு மடியில் முடிந்துகொண்டாள். குற்றாலத்தில் எடுத்ததில் உருப்படியான படம் அது ஒன்றுதான்.

மீதியைக் கதையாகச் சொல்ல வேண்டாம். வீட்டில், வாசலில், தொட்டிலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு தாளாகப் போனது. வெளிச்சம் அடிக்கிற அந்தச் சோப்பு டப்பாவையும் பாப்பா இப்போது கண்டுகொண்டாள். தூரத்தில் கண்டாலே உதடு பிதுங்கும். வந்த படத்தைத் தம்பி எடுத்து, முழுசாகத் தெளியும்வரை காத்திருந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைப்பான். அவன் காத்திருக்கிற அந்த இரண்டு நிமிடம் எனக்குத் தாங்காது. அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கிளம்புகிற நாள் வந்தது. சாயங்காலம் ரயில். கேமராவின் சன்னலில் ஒன்று என்று இருந்தது. மத்தியானம் சாப்பாடு முடிந்து, தம்பி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். "விடுக்கா. பாப்பா மட்டும் இருக்க மாதிரி ஒண்ணு எடுத்துக் குடு, போதும்" என்றான். போதும் என்று அவன் சொன்னது போதாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் கேமராவை எடுத்தேன்.

"மைனி, நில்லுங்க" என்றாள் தம்பி மனைவி.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பியை நாற்காலியில் உட்காரச் சொன்னாள். பாப்பாவை அவன் மடியில் வைத்தாள், முகம் எங்களைப் பார்க்க, முதுகு அவன் நெஞ்சில் படும்படி. அவள் உதட்டைப் பிதுக்குவதற்குள் தன் செல்லை எடுத்து, செல்ஃபி எடுக்கிற மாதிரித் திரையை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். திரையில் தம்பியின் முகம் தெரிந்தது.

"ப்பா" என்றாள் பாப்பா.

கையைத் தட்டினாள். திரையில் அப்பாவுக்குக் கீழே இன்னொரு பிள்ளையும் கையைத் தட்டுவதைப் பார்த்து அவளுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்த வேகத்தில் பின்னால் சாய்ந்து அவன் நெஞ்சில் தலையை வைத்துக்கொண்டாள். அவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான்.

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் செல்லுக்குப் பக்கத்திலேயே கேமராவை ஒட்டிப் பிடித்தேன். அன்றைக்கு நான் யாரையும் நேராகப் பார்க்கச் சொல்லவில்லை. சிரிக்காதே என்றும் சொல்லவில்லை. அழுத்தினேன். வெளிச்சம் அடித்தது. பாப்பா கண்ணைச் சிமிட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் வெளியே வந்தது. சன்னலில் எண் அழிந்து வெறுமையாக நின்றது.

அப்போதுதான் தம்பி கையை எடுத்து அவள் கன்னத்தைத் தொட்டான். திரையில் அப்பாவின் கை அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டது. பாப்பாவின் சிரிப்பு நின்றது. தன் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தாள், அங்கே அவன் விரல் இருந்தது. திரையைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் நிமிர்ந்து, அவன் முகத்தைப் பார்த்தாள்.

நாங்கள் மூன்று பெண்களும் அவளுடைய அழுகைக்குத் தயாராக நின்றோம். அவள் அழவில்லை. குறைத்துவிட்ட அந்த மீசையை ஒரு விரலால் தொட்டாள். "ப்பா?" என்றாள், கேள்வி கேட்கிற மாதிரி. தம்பி தலையை ஆட்டினான். கேமரா என் கையில் இருந்தது, தாள் இல்லை. செல் தம்பி மனைவி கையில் இருந்தது, அவளுக்குப் படம் எடுக்கத் தோன்றவில்லை. அது நல்லதுதான் என்று எனக்குப் பட்டது. அழுதுகொண்டிருக்கிறவள் எடுத்தால் படம் எப்படி நேராக விழும்?

ஆட்டோ வரும்வரை அவன் அவளை இறக்கிவிடவில்லை. அவளும் இறங்கக் கேட்கவில்லை. இரண்டு பேரும் தெளிவாக விழுந்திருந்த அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பாப்பா என் இடுப்பில் இருந்து, மூலை திரும்புகிறவரை ஆட்டோவைப் பார்த்தாள்.

நாலாம் நாள் முகாமிலிருந்து கூப்பிட்டான். மேலே ஏறப்போகிறான், செல்லை ஒப்படைக்க வேண்டும், இனி எப்போது என்று தெரியாது. நல்ல பகல் நேரம், நானும் அங்கேதான் இருந்தேன். தம்பி மனைவி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு செல்லை முன்னால் பிடித்தாள். அவன் முகம் வந்தது. பின்னால் பனி, தலையில் கம்பளிக் குல்லா. "ஏட்டி பாப்பா" என்றான்.

அவள், "ப்பா" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே அவள் அம்மாவின் முகம்தான் இருந்தது. மறுபடி திரையைப் பார்த்தாள், மறுபடி திரும்பினாள். மடியிலிருந்து இறங்கி நாற்காலிக்குப் பின்னால் போனாள். அங்கே ஒன்றுமில்லை. செல்லை அவள் முன்னால் கொண்டுபோனோம். அதைக் கையால் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி அறைக்கதவுப் பக்கம் நடந்தாள்.

"என்னக்கா, எங்க போறா? என்னயப் பாக்க மாட்டங்கா?" என்றான்.

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒன்னத்தான்லே தேடுதா" என்றேன்.

திரையில் அவன் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்துச் செல்லைத் தட்டினேன். சிக்னல் இருந்தது.

"தேடட்டும்க்கா" என்றான்.

பாப்பா கதவை இழுத்து, அதன் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.